புல்லும் பூவும் பால் கணக்கும்

கூட்டுறவுச் சங்கங்களில் தவணைப் பாக்கி நிற்பதற்குக் காரணம் தேடும்போது நாம் முதலில் பேரேட்டைப் புரட்டுகிறோம். அங்கே விடை கிடைக்காவிட்டால் கடன் பெற்றவரின் குணத்தைச் சந்தேகிக்கிறோம். அவர் வயலில் நிற்கும் புல்லின் குணத்தையும் பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. எமக்கும் தோன்றியதில்லை. அதை எமக்குக் கற்பித்த ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறுகிறோம். அதன் வழியே, தீவனப்புல் எப்போது பூக்கிறது, ஏன் பூக்கிறது, அந்தப் பூப்பின் இரகசியத்தை விஞ்ஞானிகள் எவ்வாறு படமாக வரைகிறார்கள் என்பவற்றை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறு கணக்குகளின் பாக்கி

தோவாளைத் தாலுகாவில் உள்ள ஒரு கடன் சங்கம் எமது ஆய்வுக்கு உட்பட்டது. நெல் விளைவிப்போரும் தறி நெய்வோரும் அதில் கலந்து அங்கத்தினராக இருக்கின்றனர். கறவை மாட்டுக் கடன் பெற்றவர்களில் ஆறு பேரின் கணக்கு எமது கவனத்தைக் கவர்ந்தது. ஆவணி, புரட்டாசி வரை ஒழுங்காகத் தவணை செலுத்தியவர்கள், மார்கழியிலும் தையிலும் தவறியிருந்தார்கள். பங்குனிக்குப் பின் கணக்கு மீண்டும் ஓரளவு நேராகியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலும் இதே கதைதான். பண்டிகைச் செலவில் பணத்தை விட்டுவிட்டுச் சங்கத்தை மறக்கிறார்கள் என்று நாம் முடிவு செய்தோம். ஆய்வுக் குறிப்பில், "தவணை செலுத்துவதில் அசிரத்தை" என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.

மறுமுறை சென்றபோது கடனுக்கு ஈடான மாடுகளை நேரில் பார்வையிட வேண்டியிருந்தது. முதலில் சென்றது ஒரு நெசவாளர் வீடு. முன்கட்டில் தறி, பின்கட்டில் பசு. கணவர் குழித்தறியில் இருந்தார். பசுவைப் பேணுபவர் அவருடைய மனைவி. வயது அறுபதை ஒட்டியிருக்கும். தவணை ஏன் தவறியது என்று கேட்டோம். அந்த அம்மாள் பதில் சொல்லாமல் எம்மைத் தொழுவத்துக்கு அழைத்துச் சென்று, தீவனத் தொட்டியைக் காட்டினார். தொட்டி நிறையப் புல்லின் தண்டு மிச்சம் கிடந்தது. இலை ஒன்றுகூட இல்லை.

"சாரே, புல்லு கதிரு வச்சாச்சுல்லா. பசு எலையைத் தின்னுட்டுத் தண்டைத் தள்ளிப் போடுது. கார்த்திகை பொறந்தா வருசா வருசம் இதுதான். பால் எங்கேருந்து வரும்?" என்றார்.

மற்ற ஐந்து வீடுகளுக்கும் சென்றோம். பசுக்கள் கன்று ஈன்ற மாதங்கள் வேறு வேறு. ஆகவே கறவை வற்றும் காலம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வழியில்லை. கால்நடை மருத்துவரின் அட்டையில் நோய்க் குறிப்பும் இல்லை. ஆறு வீட்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: ஒரே இடத்திலிருந்து வாங்கி நட்ட கம்பு நேப்பியர் புல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. வயலில் கும்பப்பூ நடவு. தறியில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையே மூச்சுவிட நேரமில்லாத வேலை. நாற்பத்தைந்து நாளில் அறுக்க வேண்டிய புல் அறுபது, எழுபது நாள் நின்றுவிட்டது. நின்ற புல் கதிர்விட்டது. கதிர்விட்ட புல் பாலைக் குறைத்தது. பால் குறையவே தவணை தவறியது. கல்லூரியில் தாவரவியல் பயின்றுவிட்டுக் கூட்டுறவுப் பணிக்கு வந்தவர் நாம். எமக்கே இது எட்டவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பூத்தால் என்ன கெடுதி?

நெல்லில் பூ வருவது நமக்கு ஆனந்தம். தீவனப்புல்லில் பூ வருவது நஷ்டம். இதன் காரணத்தைச் சிறிது ஆராய வேண்டும்.

புல்லின் ஒவ்வொரு தூரிலும் அடியில் ஒரு வளர்முனை இருக்கிறது. அது ஒன்றன்பின் ஒன்றாக இலைகளை உண்டாக்கிக்கொண்டே வரும். பூக்கும் வேளை வந்ததும் அந்த முனை தன் தொழிலை மாற்றிக்கொள்கிறது. அதன் பிறகு அதிலிருந்து இலை பிறப்பதில்லை, கதிர்தான் பிறக்கும். கதிரை உயரத் தூக்கிக் காற்றில் நிறுத்துவதற்காகத் தண்டு விறுவிறுவென்று நீள்கிறது. நீண்ட தண்டு ஒடியாமல் நிற்பதற்காக அதன் நார்களில் லிக்னின் என்னும் மரச்சத்து படிகிறது. மரச்சத்து ஏறிய நாரை மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாது. இலையின் பங்கு குறைவதால் புரதமும் குறைகிறது.

இதில் ஒரு மயக்கமும் உண்டு. கதிர்விட்ட புல் எடையில் குறைவதில்லை, கூடவே செய்யும். கட்டுப் பெரிதாக இருப்பதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் பசு எடையைத் தின்பதில்லை, சத்தைத் தின்கிறது. நாஞ்சில் நாட்டு மாட்டுக்கு வைக்கோல் அன்றாட உணவு. அதில் புரதம் மிகக் குறைவு என்பதனால்தான் பசும்புல்லைச் சேர்க்கிறோம். அந்தப் பசும்புல்லும் தண்டாகிவிட்டால், பசுவுக்கு மஞ்சள் வைக்கோலுடன் பச்சை வைக்கோலையும் போட்டதாகவே முடியும். கொழுப்புச் சத்தையும் இதர திடச் சத்தையும் அளந்து பாலுக்கு விலை போடும் இக்காலத்தில், இந்த வித்தியாசம் அங்கத்தினரின் பால் அட்டையில் உடனே தெரிந்துவிடும்.

பகலை அளக்கும் பயிர்

புல்லுக்குப் பூக்கும் வேளையை அறிவிப்பது யார்? 1920-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்னும் இரு விஞ்ஞானிகள் இதற்கு விடை கண்டார்கள். அவர்கள் வளர்த்த ஒரு புகையிலை வகை கோடையில் எவ்வளவு உயர்ந்தாலும் பூக்கவில்லை. மாலைக்கு முன்பே அதை இருட்டறையில் வைத்துப் பகலைச் செயற்கையாகக் குறுக்கியபோது பூத்தது. பயிர்கள் பகலின் நீளத்தை அளந்து பூக்கின்றன என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. உண்மையில் பயிர் அளப்பது இரவின் நீளத்தையே என்று பின்னர் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. பகல் குறுகும்போது பூப்பவை குறுநாள் பயிர்கள். பகல் நீளும்போது பூப்பவை நெடுநாள் பயிர்கள்.

இது நம் முன்னோர் அறியாத விஷயமன்று. பழைய சம்பா நெல் வகைகள் பலவற்றைச் சிறிது முன்பின்னாக விதைத்தாலும், பூக்கும் காலம் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேரும். அவை பருவத்துக்குக் கட்டுப்பட்ட நெல். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.பி.எஸ். 5 போன்ற குறுகிய கால வகைகளோ பகலைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல், விதைத்த நாளிலிருந்து கணக்கிட்டுப் பூப்பவை.

நமது மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு எட்டுப் பாகை வடக்கே இருக்கிறது. இங்கே ஆனி மாதத்து நீண்ட பகல் சுமார் 12 மணி 35 நிமிஷம். மார்கழி மாதத்துக் குறுகிய பகல் சுமார் 11 மணி 40 நிமிஷம். இரண்டுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. நமக்கு அது தெரிவதே இல்லை. நேப்பியர் புல்லுக்குத் தெரிகிறது. அது குறுநாள் பயிர். பகல் குறையத் தொடங்கியதும் கதிருக்கு ஆயத்தமாகிறது. அந்த அம்மாள் கார்த்திகையைக் குறிப்பிட்டுச் சொன்னதன் பொருள் இதுவே. மற்ற மாதங்களில் பத்து நாள் தாமதித்து அறுத்தால் சிறிது முற்றும். கார்த்திகையில் அதே பத்து நாள் தாமதித்தால் கதிரே வந்துவிடும்.

கோயம்புத்தூரில் நடந்த திருமணம்

நேப்பியர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புல். நெடுங்காலம் நிற்கும், தழை மிகுதி, ஆனால் சற்று முரடு. கம்போ நம் நாட்டில் தொன்றுதொட்டு விளையும் தானியம். இனிப்பும் மென்மையும் உள்ளது. ஆனால் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இவற்றை இணைத்து, 1953-இல் கோயம்புத்தூரில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை உண்டாக்கினார்கள். இந்தியாவில் இத்தகைய கலப்பு அதுவே முதலாவது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1961-இல் தன் ஒட்டுப்புல்லை வெளியிட்டது.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகம் பின்னர் பல வகைகளை வெளியிட்டது. 2008-இல் வந்த கோ (சி.என்.) 4 என்பது கோ 8 தீவனக் கம்பையும் ஒரு நேப்பியர் வகையையும் கலந்து பெற்றது. 2012-இல் கோ (பி.என்.) 5 வந்தது. நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுவடை, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை என்பது பல்கலைக் கழகத்தின் பரிந்துரை. ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 360 டன் அளவில் மகசூல் சொல்லப்படுகிறது. இந்த வகைகளெல்லாம் விஞ்ஞானிகள் கண்ணால் பார்த்தும் தராசில் நிறுத்தும் தேர்ந்தெடுத்தவை. மரபணுப் படத்தைக் கொண்டு தேர்ந்தவை அல்ல.

இந்தத் திருமணத்தில் இரண்டு சங்கடங்கள் உண்டு. முதலாவது, முகூர்த்தம் பொருந்துவது. தீவனக் கம்பு விதைத்து இரண்டு மாதத்துக்குள் பூத்துவிடும். நேப்பியரோ குறுகிய பகலுக்காகக் காத்திருக்கும். கம்பின் சூல்முடி வெளிவரும் நாளில் நேப்பியரின் மகரந்தம் கையில் இருக்க வேண்டும். எனவே கம்பைப் பல தேதிகளில் விதைத்து, எது நேப்பியரின் பூப்போடு இசைகிறதோ அதைக் கொண்டு கலப்புச் செய்கிறார்கள். இரண்டாவது சங்கடம் இன்னும் கடியது. கம்புக்குக் குரோமோசோம்கள் 14, நேப்பியருக்கு 28. ஒவ்வொன்றிலிருந்தும் பாதி சேர்ந்து பிறந்த ஒட்டுப்புல்லுக்கு 21. ஒற்றைப்படையானதால் அவை இணை சேர்ந்து பிரிய முடிவதில்லை. ஆகையால் ஒட்டுப்புல் பூக்கும், ஆனால் முளைக்கும் விதை தராது. நாம் கரணையாகவும் வேர்விட்ட தூராகவும் வாங்கி நடுவது இதனாலேயே.

மலட்டுப் புல்லிலிருந்து அடுத்த தலைமுறையைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. எந்த அபிவிருத்தியானாலும் பெற்றோரிடமே செய்ய வேண்டும். எந்தக் கம்பில், எந்த நேப்பியரில் பூப்பைத் தாமதிக்கும் குணம் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் மட்டும் நல்ல இணையைத் தேர்ந்தெடுக்க இயலும். மரபணுப் படம் வரைவதன் அவசியம் இங்கேதான் வருகிறது.

நூலைப் பிரித்துப் பார்க்கும் கலை

படம் என்றதும் நில அளவைப் படம் நினைவுக்கு வரும். உவமை பொருத்தமே. ஆனால் இதைத் தறிக்காரர்களுக்கு நூலைக் கொண்டே விளக்கிவிடலாம்.

சீக்கிரம் பூக்கும் ஒரு செடியின் குரோமோசோமைச் சிவப்பு நூல் என்று கொள்வோம்; தாமதமாகப் பூக்கும் செடியினதை வெள்ளை நூல் என்று கொள்வோம். இரண்டையும் கலந்தால் பிறக்கும் செடியில் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று இரு நூலும் அருகருகே இருக்கும். அந்தச் செடி மகரந்தமும் சூலும் உண்டாக்கும்போது இரு நூல்களும் அங்கங்கே அறுந்து, ஒன்றின் துண்டு மற்றொன்றோடு முடிச்சிடப்படுகிறது. ஆகவே பேரப்பிள்ளைச் செடிகளுக்குச் சிறிது சிவப்பு, சிறிது வெள்ளை என்று மாறி மாறி வரும் நூல்களே கிடைக்கின்றன. அறுந்த இடம் செடிக்குச் செடி வேறாக இருக்கும்.

இப்பொழுது இத்தகைய இருநூறு செடிகளை நட்டு, ஒவ்வொன்றும் எத்தனையாவது நாளில் கதிர்விட்டது என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அவற்றின் நூல்களைப் பாவு விரிப்பதுபோல் வரிசையாக விரிக்கிறார்கள். சீக்கிரம் பூத்த செடிகளில் பெரும்பாலானவை ஒரு குறிப்பிட்ட இடத்தில் சிவப்பாகவும், தாமதித்துப் பூத்தவை அதே இடத்தில் வெள்ளையாகவும் இருந்தால், பூப்பை ஆளும் மரபணு அந்த இடத்துக்கு அருகில் இருக்கிறது என்பது தெளிவு. மற்ற இடங்களில் சிவப்பும் வெள்ளையும் எவ்வித ஒழுங்குமின்றிக் கலந்து கிடக்கும்.

மெய்யான குரோமோசோமுக்கு நிறம் இல்லையே, சிவப்பென்றும் வெள்ளையென்றும் எப்படி அறிவது என்று கேட்கலாம். அதற்காகவே அடையாளக் குறிகள் இருக்கின்றன. டி.என்.ஏ. என்னும் நீண்ட எழுத்துத் தொடரில் இரு பெற்றோருக்கும் வேறுபடும் இடங்களைக் கண்டு, அவற்றை அளவுக்கற்களாக வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு கற்கள் எவ்வளவு அடிக்கடி சேர்ந்தே பயணம் செய்கின்றன என்பதைக் கொண்டு அவற்றின் இடைத்தூரம் கணக்கிடப்படுகிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டவர் அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் மாணவராக இருந்த ஸ்டர்ட்டவன்ட். பழ ஈக்களைக் கொண்டு அவர் வரைந்த உலகின் முதல் மரபணுப் படம் 1913-இல் வெளியாயிற்று. தம் வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஓர் இரவு முழுதும் உட்கார்ந்து அதைப் போட்டதாக அவரே கூறியிருக்கிறார்.

பூக்கும் நாளை ஆள்வது ஒரு மரபணு அன்று, பல. ஒவ்வொன்றும் இரண்டு நாள், மூன்று நாள், சில பத்து நாள் என்று தள்ளவோ இழுக்கவோ செய்யும். எந்த இடம் எத்தனை நாளுக்குப் பொறுப்பு என்று பங்கு பிரித்துக் காட்டுவதே இப்படத்தின் சிறப்பு.

இதுவரை கண்டவை

நெல்லில் பூக்கும் நாளை ஆளும் முக்கியமான மரபணு ஒன்றை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2000-ஆம் ஆண்டில் கண்டு பிரித்தெடுத்தனர். நான்கு ஆண்டுகள் கழிந்து, வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் ரை தீவனப்புல்லை ஆராய்ந்தவர்கள் வியப்பான ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அப்புல்லின் ஏழாவது குரோமோசோமில் கதிர்விடும் நாளை மிகவும் ஆளும் பகுதியானது, நெல்லின் ஆறாவது குரோமோசோமில் அதே தொழிலைச் செய்யும் பகுதியோடு ஒத்திருந்தது. ரை புல் வளரும் அந்நாட்டில் கோடைப் பகல் பதினாறரை மணிக்கு மேல். குளிர்காலப் பகல் எட்டு மணிக்கும் குறைவு. அது பகல் நீளும்போது பூப்பது. நெல் பகல் குறையும்போது பூப்பது. எனினும் இரண்டும் ஒரே பழைய கடிகாரத்தைத்தான் வைத்திருக்கின்றன; முள்ளைத் திருப்பி வைத்திருப்பதே வேறுபாடு. நெல்லைப் பற்றி அறிந்தது புல்லுக்கும் உதவும் என்பது இதனால் விளங்கும்.

கம்பின் முதல் மரபணுப் படம் 1994-இல் வெளிவந்தது. ஏழு இணைக் குரோமோசோம்களுக்கு ஏழு வரிகள். 2009-இல், ஒளியை உணரும் பைட்டோகுரோம் என்னும் பொருளை உண்டாக்கும் மரபணுக்களில் ஒன்று கம்பின் பூக்கும் நாளோடு தொடர்புள்ளது என்று கண்டார்கள். 2017-இல் ஐதராபாத்தை அடுத்த பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட் நிலையமும் பிற நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து கம்பின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து வெளியிட்டார்கள். சுமார் 179 கோடி எழுத்துகள். அவற்றுள் 38,579 மரபணுக்கள். நெல்லின் தொகுதியோ சுமார் 39 கோடி எழுத்துகளே.

படம் வயலுக்கு வந்ததுண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் கூறலாம். அரியானாவில் பெரிதும் பயிரான எச்.எச்.பி. 67 என்னும் வீரியக் கம்பு அடிச்சாம்பல் நோய்க்கு ஆளாகத் தொடங்கியது. நோயைத் தடுக்கும் மரபணுப் பகுதிகளை அடையாளக் குறிகளின் உதவியால் அதன் பெற்றோருக்குள் கொண்டுவந்து, 2005-இல் திருத்திய வகையை வெளியிட்டார்கள். அங்கே நோய்க்குச் செய்ததை இங்கே பூப்புக்கும் செய்ய முடியும் என்பதே ஆராய்ச்சியாளரின் நம்பிக்கை.

நேப்பியர் விஷயத்தில் வேலை கடினம். அதற்கு நான்கு தொகுதிக் குரோமோசோம்கள், ஒவ்வொரு செடியும் கலப்பு வித்து, ஆண்டுக்கணக்கில் நிற்பது. எத்தியோப்பியாவில் உள்ள அகில உலகக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் நேப்பியர் வகைகளைச் சேகரித்துக் காத்து, அடையாளக் குறிகளால் வகைப்படுத்தி வருகிறது. 2021-இல் நேப்பியரின் முழு மரபணுத் தொகுதியும் அச்சேறியது. தென்னந்தோப்பு நிழலில் நாம் வளர்க்கும் கினியாப்புல் இன்னும் விசித்திரமானது. அதன் விதை பெரும்பாலும் மகரந்தத்தின் சேர்க்கையின்றியே உண்டாவதால், பிள்ளை தாயின் அச்சாகவே பிறக்கும். சிவப்பும் வெள்ளையும் கலந்தால்தானே படம் வரையலாம்? ஆப்பிரிக்காவில் அரிதாகக் கிடைத்த, முறைப்படிச் சேர்ந்து விதைக்கும் கினியாச் செடிகளைக் கொண்டுதான் பிற நாட்டார் அதன் படத்தை வரைந்து வருகிறார்கள்.

பூவை ஒழிப்பதா, அடக்குவதா?

பூவே வராத புல்லை உண்டாக்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்று சிலர் எண்ணலாம். அது குறுகிய பார்வை. பூக்காத பெற்றோரைக் கொண்டு அடுத்த கலப்பைச் செய்ய இயலாது. இன்றைய நன்மைக்காக நாளைய வாசலை அடைத்ததாகும். வேண்டுவது பூவை ஒழிப்பதன்று. அது வரும் நாளை நம் விருப்பப்படி வைப்பது. ஆராய்ச்சி வயலில் கம்பும் நேப்பியரும் ஒரே வாரத்தில் பூக்க வேண்டும். அங்கத்தினரின் வயலில் அவற்றின் ஒட்டுப்புல் கார்த்திகையிலும் இலையாகவே நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஓரிடத்தில் வரைந்த படம் எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஒரு மரபணு நீண்ட பகலில் பத்து நாள் தள்ளுவதாக இருக்கலாம். நமது பகலில் இரண்டு நாள் மட்டுமே தள்ளலாம். கோயம்புத்தூர் பதினொரு பாகையில் இருக்கிறது, நாம் எட்டில் இருக்கிறோம். அங்கே இல்லாத அளவு இரு பருவ மழையும் நமக்கு உண்டு. ஆகவே நமது மாவட்டத்துப் புல் எப்போது கதிர்விடுகிறது என்பதை நமது மாவட்டத்திலேயே பார்த்து எழுதியாக வேண்டும். எத்தனை நுட்பமான இயந்திரம் வந்தாலும், செடியருகே சென்று, "இன்று கதிர் வந்தது" என்று தேதியிட்டு எழுதுவதற்கு ஒரு மனிதர் வேண்டும். அந்தத் தேதி பிழையானால் படமும் பிழையாகும். சிட்டா பிழையானால் பேரேடு பிழையாவது போலத்தான்.

நாம் செய்யக்கூடியவை

புதிய புல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முதலாவதாக, புல் நிலத்தை நாற்பத்தைந்து பாத்திகளாகப் பிரித்து நாளொன்றுக்கு ஒரு பாத்தி அறுப்பது நலம். கடைசிப் பாத்தி முடியும்போது முதற்பாத்தி தயாராக இருக்கும். எந்தப் பாத்தியும் முற்றாது. இருபது சென்டு நிலத்தில், சொல்லப்படும் மகசூலில் பாதி மட்டுமே கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்குச் சுமார் 40 கிலோ பசும்புல் வரும். ஒரு கறவைப் பசுவின் தேவைக்கு இது தாராளம்.

இரண்டாவதாக, ஐப்பசி முதல் தை வரை அறுவடை நாளைத் தவறவிடவே கூடாது. நாற்பத்தைந்தைத் தாண்டுவதைவிட நாலைந்து நாள் முந்துவது மேல். ஆயினும் மிக இளம் புல்லையும் அறுத்துப் போடலாகாது; நேப்பியர் வகைகளில் உள்ள ஆக்சலேட் என்னும் பொருள் இளம் புல்லில் மிகுந்து, சுண்ணாம்புச் சத்தைப் பசுவுக்குச் சேரவிடாமல் தடுக்கும். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால், அகத்தி போன்ற தழைகளைச் சேர்ப்பது நல்லது.

மூன்றாவதாக, வேலை நெருக்கடியில் உள்ள வீடுகளுக்கு அண்டை வீட்டார் முறைவைத்து அறுத்துக் கொடுக்கலாம். தறிக்காரருக்குத் தைமாதத்துக்குப் பின் ஓய்வு கிடைக்கும். நெல் விளைவிப்போருக்கு அப்போது கும்பப்பூ அறுவடை வேலை. ஒருவர் நெருக்கடியில் மற்றவர் கைகொடுப்பதைவிடக் கூட்டுறவுக்கு வேறு இலக்கணம் இல்லை.

நான்காவதாக, ஒவ்வொருவரும் ஒரே ஒரு குத்துப் புல்லை அறுக்காமல் விட்டு, அது கதிர்விடும் தேதியை எழுதிவைக்க வேண்டும். புல்லின் வகை, நட்ட தேதி, கடைசி அறுப்பு, முதற்கதிர் ஆகிய நான்கே பத்திகள். பழையாற்றுப் பாசன வயலிலும், கல்குளத்து மலையடித் தோட்டத்திலும், அகஸ்தீஸ்வரத்துத் தென்னந்தோப்பிலும் இவ்வாறு மூன்று ஆண்டு எழுதினால், அக்குறிப்பைத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் கொடுத்து, "எங்களுக்கு இன்ன மாதத்தில் பூக்காத புல் வேண்டும்" என்று கேட்கலாம். தேவையைத் தெளிவாகச் சொல்லாதவர்களுக்கு ஆராய்ச்சி தானாக வந்து உதவுவதில்லை.

முற்கூறிய சங்கத்தில் சென்ற ஐப்பசியிலிருந்து முறைவைத்து அறுத்தார்கள். ஆறு கணக்குகளில் நான்கு, மார்கழியில் தவறவில்லை. மற்ற இரண்டில் ஒருவரின் பசு நோய்ப்பட்டது. இன்னொருவர் புல் நிலத்தையே குத்தகைக்கு விட்டுவிட்டார். எல்லாக் குற்றமும் புல்லினுடையதன்று என்பதும் உண்மைதான்.

ஆய்வுக் குறிப்பில் அடித்தல் திருத்தல் செய்ய விதி இடம் தருவதில்லை. ஆகவே "அசிரத்தை" என்று நாம் எழுதிய சொல் அங்கேயே இருக்கிறது. அதன் கீழ், மறுவருகைக் குறிப்பில், பாக்கிக்குக் காரணம் தீவனப்புல் பருவம் தவறி முற்றியதே என்றும், முற்குறிப்பு தீர விசாரியாமல் எழுதப்பட்டது என்றும் எழுதிக் கையெழுத்திட்டோம். நிர்வாகக் குழுவினர் அதைக் கூட்டத்தில் படித்துப் பதிவு செய்தனர். அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் வருகிற ஐப்பசிக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒரு குத்துப் புல்லை விட்டுவைத்து, முதற்கதிரின் தேதியை எழுதத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.